“பிள்ளையைப் பார்க்கிறியாம்மா?” என்று கேளுங்கள்

நெல்லைச் சீமையின் பிரசவ வார்டுகளில் வேலை பார்க்கிற டாக்டர்களுக்கும், சிஸ்டர்களுக்கும், ஆயாம்மாக்களுக்கும் வணக்கம்.

வீரவநல்லூரில் தையல் கடை வைத்திருக்கிறவள் எழுதுகிறேன். அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி, நாங்குநேரி, வள்ளியூர், பாளையங்கோட்டை என்று நம்ம பக்கத்தில் பேறுகாலம் பார்க்கிற அத்தனை பேருக்கும் பொதுவாகவே எழுதுகிறேன். எங்கள் வீட்டுப் பிள்ளை இறந்து பிறந்தது எந்த ஆஸ்பத்திரியில் என்று பெயர் சொல்லப்போவதில்லை. யாரையும் மாட்டிவிடுகிற எண்ணம் கிடையாது. அன்றைக்கு ராத்திரி அந்த வார்டில் நின்ற சிஸ்டர் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் ஓடிக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன்.

நான் கேட்க வந்தது இதுதான். உங்கள் வார்டில் ஒரு பிள்ளை துடிப்பில்லாமல் பிறந்தால், அதைத் துணியில் சுற்றி வெளியே நிற்கிற ஆம்பிளைகள் கையில் கொடுக்கும் முன்னே, பெற்றவளிடம் “பிள்ளையைப் பார்க்கிறியாம்மா?” என்று கேளுங்கள். வேண்டாம் என்று சொன்னால் கொஞ்ச நேரம் விட்டு இன்னொரு தரம் கேளுங்கள்.

என் தம்பி பொண்டாட்டிக்கு அது தலைப்பிள்ளை. ஒன்பதாம் மாதம் பாதி ஓடியிருந்தது. வளைகாப்பு முடிந்து அவள் அம்மை வீட்டுக்குப் போயிருந்தாள். அசைவு தெரியவில்லை என்று காலையில் சொல்லியிருக்கிறாள். “சோடா குடி, குளுகுளுன்னு எதையாச்சும் குடி, அசையும்” என்று வீட்டில் சொல்லியிருக்கிறார்கள். மத்தியானத்துக்குமேல்தான் கூட்டிக்கொண்டு வந்தார்கள். ஸ்கேன் எடுத்த டாக்டரம்மா திரையைத் தன் பக்கமாகத் திருப்பிக்கொண்டார். கொஞ்ச நேரம் அந்தக் கருவியை வயிற்றின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வைத்துப் பார்த்தார். பிறகு அவளை விட்டுவிட்டு என் தம்பியை மட்டும் வெளியே கூப்பிட்டு, “துடிப்பு இல்ல” என்றார். கட்டிலில் படுத்திருந்தவள் அதற்குள் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

வயிற்றைக் கிழித்து எடுத்துவிடுங்கள் என்று தம்பி கெஞ்சினான். அப்படிச் செய்தால் அடுத்த பேறுகாலத்துக்குச் சிக்கல், தானாகப் பிறக்க வைப்பதுதான் அவளுக்கு நல்லது என்று டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். அது சரியான பேச்சு என்று பின்னால் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். ஆனால் அதற்கு அர்த்தம் என்ன என்று நீங்களும் யோசித்துப் பாருங்கள். வலி எடுக்க மருந்து ஏற்றி, விடிய விடிய வலி பட்டு, முக்கச் சொன்னபோது முக்கி, மற்ற எல்லாப் பெண்களும் செய்கிற அத்தனையையும் அவளும் செய்தாள். பக்கத்துத் திரைக்கு அந்தப்புறம் ஒரு பிள்ளை பிறந்து வீறிட்டது. கையில் வளைகாப்பு வளையல் அடுக்கு அப்படியே இருந்தது. ஒவ்வொரு வலிக்கும் அவள் கட்டில் கம்பியைப் பிடிக்கும்போது அது கலகலவென்று சத்தம் போட்டது. கழற்றிவிடுவோமா என்று கேட்க எனக்கு நா எழவில்லை.

பொம்பளைப் பிள்ளை. பிறந்ததும் சுற்றிவிட்டார்கள். அவள் தலையைத் தூக்கினாள். “பாக்காண்டாம்மா, பாத்தா மறக்க முடியாது” என்று யாரோ சொன்னார்கள். சிஸ்டரா, ஆயாம்மாவா, எங்கள் வீட்டுப் பெரியவளா என்று எனக்கு நிச்சயமில்லை. நல்லதை நினைத்துத்தான் சொன்னார்கள். பின்பக்க வராந்தாவில் தம்பி ஒரு தாளில் கையெழுத்துப் போட்டான். துணிக்கடைக் கட்டைப்பை ஒன்றைச் சித்தப்பா விரித்துப் பிடித்தார். பிள்ளைக்கு உடுப்பு எடுத்துக்கொண்டு வந்த பைதான் அது.

பைக்குள் வைக்கும் முன்னால் நான் துணியை விலக்கிப் பார்த்துவிட்டேன். அத்தைக்காரி; எனக்கு யாரும் தடை சொல்லவில்லை. தலை நிறைய முடி, ஈரத்தில் நெற்றியோடு ஒட்டிக்கிடந்தது. நகம் வளர்ந்திருந்தது. உதடு நாவல்பழம் தின்றதுபோலக் கறுத்திருந்தது. கன்னத்தில் ஓர் இடத்தில் தோல் லேசாக உரிந்திருந்தது. இடது காதின் மேல்மடல் கொஞ்சம் மடங்கி இருந்தது. என் தம்பிக்கும் அப்படித்தான், எங்கள் அப்பாவுக்கும் அப்படித்தான்.

சூரியன் சாயும் முன்னே அடக்கம் பண்ண வேண்டும் என்று ஆம்பிளைகள் போனார்கள். திரும்பி வந்து குளித்துவிட்டு உள்ளே வந்தார்கள். எந்த இடம் என்று அவள் கேட்டதற்கு, “அதெல்லாம் உனக்கு எதுக்கு?” என்று சித்தப்பா சொல்லிவிட்டார்.

இவ்வளவும் நடந்து முடிந்தபிறகு அவள் அழுது தீர்த்துவிட்டு மறந்திருப்பாள் என்றுதானே அந்த “பாக்காண்டாம்”? அவள் என்னிடம் மட்டும் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். “மைனி, நீங்க பாத்தியள்லா? யாரு சாயல்? மூக்கு எப்படி? கண்ணு தொறந்திருந்துதா? கை மூடி இருந்துதா?” நான் சொல்லியதையே திரும்பச் சொல்கிறேன். காது மடலைப் பற்றிச் சொன்ன அன்றைக்கு அவள் எழுந்து போய், தூங்கிக்கொண்டிருந்த என் தம்பியின் காதை விளக்கு வெளிச்சத்தில் பார்த்தாள். ஒரு நாள், “பிள்ளைக்கு ஏதும் கோரமா இருந்ததாலதான் காட்டலையா? உண்மையச் சொல்லுங்க” என்று கேட்டாள். காணாத முகத்தை மனசு எப்படியெல்லாமோ வரைந்துகொள்கிறது. நான் பார்த்ததில் கோரம் எதுவும் இல்லை. அவள் நினைத்துக்கொண்டிருந்தது அதைவிட எவ்வளவோ மோசமாக இருந்தது.

உங்கள் படிப்பில் இதைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள, மருத்துவம் படித்த ஓர் உறவுக்காரப் பெண்ணைப் பிடித்தேன். 2002-இல் இங்கிலாந்தில் ஓர் ஆய்வு வந்ததாம். இறந்து பிறந்த பிள்ளையைக் கையில் எடுத்தவர்களுக்கு அடுத்த கர்ப்பத்தின்போது மனச்சோர்வு கூடுதலாக இருந்தது என்று அதில் எழுதியிருந்தார்களாம். அதை வைத்து, காட்டாமல் இருப்பதே நல்லது என்று அங்கேயும் கொஞ்ச காலம் பேச்சு இருந்திருக்கிறது. அது சின்ன ஆய்வு. அதற்குப் பின்னால் பல நாடுகளில் செய்தவற்றில், பிள்ளையைப் பார்த்த தாய்மார் பெரும்பாலும் பார்த்ததற்காக வருந்தவில்லை என்று வந்திருக்கிறது. பார்க்காமல் விட்டதற்காக வருந்துகிறவர்கள்தான் அதிகம். இப்போது அங்கே வற்புறுத்தவும் மாட்டார்கள், தடுக்கவும் மாட்டார்கள். பிள்ளை எப்படி இருக்கும், தோல் நிறம் எப்படி இருக்கும் என்று முதலில் சொல்லிவிட்டு, அவள் இஷ்டத்தைக் கேட்பார்களாம். குளிரூட்டிய தொட்டில் வைத்து ஒரு நாள், இரண்டு நாள்கூடக் கூடவே வைத்திருக்க விடுகிறார்களாம். நம்ம வெயிலுக்கும் நம்ம வார்டுக்கும் அதெல்லாம் நடவாது. அரைமணி நேரம் போதும். ஒரு திரை போதும். ஓரத்தில் ஒரு ஸ்டூல் போட்டு அவள் அம்மையை உட்கார வைத்தால் போதும்.

எல்லோருக்கும் பார்க்க மனசு வராது என்பதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் தெருவிலேயே ஒருத்தி, “நான் பாக்கல, அதான் எனக்கு நல்லது” என்கிறாள். அவள் சொல்வதும் சரிதான். அவளிடம் கேட்டிருக்கிறார்கள், பதிலை அவளே சொல்லியிருக்கிறாள்.

இதெல்லாம் வெளிநாட்டு நாகரிகம், நம்ம வழக்கத்தில் இல்லாதது என்று யாரும் நினைத்துவிடக்கூடாது. என் ஆச்சி பெற்றதெல்லாம் வீட்டில். “எட்டுப் பெத்தேன், அஞ்சு தங்குச்சு” என்பாள். பிள்ளைகள் எத்தனை என்று யார் கேட்டாலும் எட்டு என்றுதான் முதலில் வரும். தங்காத மூன்றில் ஒன்று செத்தே பிறந்தது. மருத்துவச்சி அதைக் குளிப்பாட்டி ஆச்சி பக்கத்தில்தான் போட்டிருக்கிறாள். தாத்தா வயலிலிருந்து வருகிற வரைக்கும் அது அங்கேதான் கிடந்தது. ஒரே அறை வீட்டில் யாரை யாரிடமிருந்து மறைக்க முடியும்? புறவாசலில் முருங்கைக்கு அந்தப் பக்கம் புதைத்தார்கள். ஆச்சி சாகிற வரைக்கும் அந்த இடத்தில் எச்சில் தண்ணீர் ஊற்ற விடமாட்டாள். வேறொன்றும் செய்ததில்லை. படையல் இல்லை, அழுகை இல்லை. அந்த இடம் அவளுக்குத் தெரியும், அவ்வளவுதான்.

இப்போது தமிழ்நாட்டில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் ஆஸ்பத்திரியில்தான் பிள்ளை பிறக்கிறது. அதனால் எத்தனை தாய் பிழைத்தாள், எத்தனை பிள்ளை பிழைத்தது என்று எனக்குத் தெரியாமல் இல்லை. எங்கள் ஆச்சி காலம் திரும்பி வரட்டும் என்று ஒரு நாளும் சொல்லமாட்டேன். பிள்ளை பிறப்பது வீட்டை விட்டு உங்கள் வார்டுக்கு வந்தபோது, செத்துப் பிறந்த பிள்ளையும் கூடவே வந்தது. அதைக் குளிப்பாட்டிப் பக்கத்தில் போடுகிற கைதான் வரவில்லை.

ஊர்ப் பெயர்களையும் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். நம்ம பக்கத்து வாக்காளர் பட்டியலில் பிச்சையா, பிச்சம்மாள், குப்பம்மாள், மூக்காண்டி, மூக்கம்மாள் என்று எத்தனை பேர்! பட்டணத்துப் பிள்ளைகள் சிரிக்கும். முன்னால் பிறந்தது தங்காமல் போன வீட்டில்தான் பெரும்பாலும் இந்தப் பெயர் வரும். அடுத்துப் பிறந்ததைக் குப்பையில் கிடத்தி எடுப்பார்கள். தவிட்டுக்கு விற்று வாங்குவார்கள். ஆம்பிளைப் பிள்ளையென்றாலும் மூக்குக் குத்துவார்கள். எமன் இது ஒன்றுக்கும் உதவாத பிள்ளை என்று விட்டுவிட்டுப் போகட்டும் என்கிற கணக்கு. எங்கள் கடைக்குச் சட்டை தைக்கக் கொடுக்கிற மூக்காண்டித் தாத்தாவுக்கு எண்பது வயசுக்குமேல் இருக்கும். மூக்கில் அந்தத் துளை இன்னும் புள்ளியாகத் தெரிகிறது. “எனக்கு முன்னால ரெண்டு அண்ணன். ஒருத்தன் பொறக்கையிலேயே இல்ல” என்று அவர் சொல்லும்போது, தான் பார்த்துப் பழகிய அண்ணனைச் சொல்கிற மாதிரியே சொல்வார். பெயர் வைக்காமல் புதைத்த பிள்ளையைத் தம்பி தன் மூக்கில் சுமந்துகொண்டு திரிகிறார்.

பாதையோரம் சுமைதாங்கிக் கல் பார்த்திருப்பீர்கள். இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு கல்லைக் குறுக்கே படுக்கவைத்து, தலைச்சுமைக்காரர்கள் தோளுயரத்தில் பாரத்தை இறக்கி வைக்கிற கல். வயிற்றுப் பிள்ளையோடு செத்துப்போன பெண்ணுக்காக அவள் வீட்டார் நட்டுவைப்பது. இறக்காமலே போன சுமையை, வழியில் போகிறவர்களாவது இறக்கட்டும் என்று. ரோடு அகலப்படுத்துகிறபோது பல கல் போய்விட்டது. பெண்ணும் பிள்ளையும் சேர்ந்து போனால் கல் நட்ட நம்ம ஊரில், பெண் பிழைத்துப் பிள்ளை மட்டும் போனால் நட ஒன்றும் இல்லை. நட வேண்டும் என்று சொல்ல வரவில்லை. இதை மறைத்து வைப்பதுதான் நம் வழக்கம் என்று இனி யாரும் என்னிடம் சொல்லவேண்டாம்.

சாமி கும்பிடுகிற வழிகளிலும் இதற்கு இடம் திறந்துதான் வந்திருக்கிறது. ஞானஸ்நானம் பெறாத பிள்ளைக்குக் கல்லறைத் தோட்டத்தில் தனி மூலை என்று ஒதுக்கிய காலம் உண்டு. 1983-இல் வந்த கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டம், பெற்றோர் ஞானஸ்நானம் கொடுக்க நினைத்திருந்தால் அப்பிள்ளைக்கு அடக்கச் சடங்கு செய்ய இடம் கொடுத்தது. 2007-இல் ரோமிலிருந்து வந்த இறையியல் குழுவின் அறிக்கை, அந்தப் பிள்ளைகளின் மீட்புக்கு நம்பிக்கை வைக்க இடம் இருக்கிறது என்று சொன்னது. மேலப்பாளையத்தில் என்னிடம் தைக்கக் கொடுக்கிற அக்கா ஒருத்தர், அவர்கள் வீட்டில் இறந்து பிறந்த பிள்ளையைக் குளிப்பாட்டி, வெள்ளைத் துணி சுற்றி, பெயரும் வைத்துத்தான் மையவாடிக்குக் கொண்டுபோனார்கள் என்று சொன்னார். எங்களிடம்தான் கட்டைப்பை.

இனி பால். இதைப் பற்றி ஆம்பிளைகள் இருக்கிற இடத்தில் யாரும் பேசமாட்டார்கள், அதனாலேயே எழுதுகிறேன். டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்கு வந்தபிறகு அவளுக்குப் பால் சுரந்தது. மார் கல்லாய்க் கட்டிக்கொண்டு காய்ச்சல் வந்துவிட்டது. அப்படி வரும் என்று ஒருத்தரும் அவளிடம் சொல்லியிருக்கவில்லை. ரவிக்கை நனைந்தபோது அவள் பயந்துபோய் என்னைக் கூப்பிட்டாள். அவள் அம்மை குண்டுமல்லி வாங்கிவரச் சொல்லி, சரமாகக் கட்டி மாரில் வைத்துத் துணியால் சுற்றினார். இது கிழவிகள் வைத்தியம் என்று சிரிக்கவேண்டாம். 1988-இல் வேலூர் மருத்துவர்கள் இதே குண்டுமல்லியை, பால் வற்றக் கொடுக்கிற மாத்திரையோடு ஒப்பிட்டுப் பார்த்து, பூவுக்கும் அந்த வேலை உண்டு என்று எழுதியிருக்கிறார்கள். மாத்திரையும் இருக்கிறது, கொடுக்கலாமா கூடாதா என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் வீட்டுக்குப் போகும்போது, “ரெண்டு மூணு நாள்ல பால் வரும்மா, பயப்படாத, இப்படி இப்படிப் பண்ணு, காய்ச்சல் வந்தா உடனே வா” என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? தமிழ்நாட்டு அரசு ஆஸ்பத்திரிகளில் 2014 முதல் தாய்ப்பால் வங்கி வந்துவிட்டது. பிள்ளையை இழந்த சிலர் அதற்குக் கொடுத்துவிட்டு மனசு ஆறியிருக்கிறார்கள், சிலருக்கு அந்தப் பேச்சே ஆகாது. அதையும் கேட்கலாம், மெதுவாக.

கட்டில் விஷயம் உங்களுக்கே தெரியும். இடமில்லை என்பீர்கள், நம்புகிறேன். ஆனாலும் சுற்றிலும் பிள்ளை அழுகிற வார்டில், சீனித்தண்ணீர் தொட்டு வைத்துச் சேனை கொடுக்கிற கூட்டத்துக்கு நடுவில் அவளைப் போடாதீர்கள். கைனக் வார்டிலோ வராந்தாக் கோடியிலோ ஒரு கட்டில் போட்டால் போதும்.

தாளில் எழுதுகிறதைப் பற்றி. 1969-ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தில், பிறப்பு என்றால் உயிரோடு பிறந்ததும் சேர்த்தி, இறந்து பிறந்ததும் சேர்த்தி. 28 வாரம் கடந்த பிள்ளையென்றால் படிவம் 3 எழுதி 21 நாளுக்குள் பதிவாளருக்கு அனுப்ப வேண்டும். ஆஸ்பத்திரியில் பிறந்தால் அது ஆஸ்பத்திரியின் வேலை. தம்பி வராந்தாவில் கையெழுத்துப் போட்டது எந்தத் தாள் என்று அவனுக்கு இன்றைக்குவரை தெரியாது. அந்தப் பதிவு நடந்ததா இல்லையா என்று பெற்றவர்களிடம் சொல்லிவிடுங்கள். அவளுடைய கேஸ் ஷீட்டிலும் நீங்கள்தான் ‘பி1, எல்0’ என்று எழுதினீர்கள்: பெற்றது ஒன்று, இருக்கிறது இல்லை. அந்த எழுத்து எனக்குப் பிடித்திருந்தது. பிறகு அடுத்த தடவை புறநோயாளி வரிசையில் அவளை நிற்க வைத்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, “மொதப் பிரசவமா? பிள்ளை இல்லையா?” என்று கேட்பவர்கள் அந்தத் தாளை ஒருதரம் புரட்டக் கூடாதா? அதற்கு முன்னாலேயே ஒரு நாள் போன் வந்தது. “பாப்பாவுக்கு 45 நாள் ஊசி போட வரலையே?” என்று ஒரு குரல். அந்தப் பெண் பேரில் தப்பில்லை, அவள் கையில் இருந்த பட்டியலில் இவள் பெயர் இருந்திருக்கிறது. பிரசவ வார்டிலிருந்து கிராம சுகாதார செவிலியருக்கு அன்றைக்கே ஒரு வார்த்தை போயிருந்தால் அந்தப் போன் வந்திருக்காது.

லீவு விஷயமும் ஒன்று உண்டு. மில்லுக்கும் ஜவுளிக்கடைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போகிற பெண்கள் இருக்கிறார்கள். பிள்ளை இல்லையென்றால் லீவும் இல்லை என்று நினைத்து, பச்சை உடம்போடு வேலைக்குப் போகிறவர்களை நான் கண்டிருக்கிறேன். 1961-ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டத்திலேயே, குழந்தை என்பதில் இறந்து பிறந்த குழந்தையும் அடங்கும் என்று எழுதிவைத்தார்கள். மத்திய அரசு ஊழியர்களுக்கு 2022 செப்டம்பரில் 60 நாள் சிறப்பு விடுப்பு என்று தனி ஆணையே வந்தது. முக்கூடலிலும் கடையத்திலும் வீட்டில் உட்கார்ந்து பீடி சுற்றுகிறவளுக்கு லீவு ஏது, தட்டை மடியில் வைத்தால்தான் கூலி. அது வேறு கதை. இருந்தாலும் டிஸ்சார்ஜ் சீட்டைக் கொடுக்கும்போது, “வேலைக்குப் போறியா? உனக்கு லீவு உண்டு” என்று ஒரு வார்த்தை சொல்லலாம்.

கடைசியாக, ஏன் என்கிற கேள்வி. உலகத்தில் 2021-இல் மட்டும் 28 வாரம் கடந்து இறந்து பிறந்தவை ஏறக்குறைய 19 லட்சம் என்று ஐ.நா. கணக்கு, எண்ணிக்கையில் நம்ம நாடுதான் முதலில் நிற்கிறது. அந்த 19 லட்சத்தில் நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் வலி எடுத்த பிறகு, பிறக்கிற நேரத்தில் போகிறவை. ஒழுங்காகக் கவனித்தால் அதில் பெரும்பாலானவற்றைக் காப்பாற்றலாம். இறந்து பிறப்பதை ஆயிரம் பிறப்புக்குப் பத்துக்குக் கீழே 2030-க்குள் கொண்டுவர வேண்டும் என்று 2014-இலேயே நம்ம அரசு திட்டம் போட்டது. அந்த வேலையில் நீங்கள் இருக்கிறீர்கள், அதைப் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை. எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். பிரஷரா, சர்க்கரையா, நஞ்சுக்கொடி முன்னாலேயே பிரிந்ததா, கிருமியா, காரணமே தெரியவில்லையா என்று எங்களிடம் யாரும் உட்கார்ந்து பேசவில்லை. நஞ்சுக்கொடியைச் சோதித்தார்களா என்றும் தெரியாது. அந்தக் காலி இடத்தில் ஊர் வந்து உட்கார்ந்துகொண்டது. கிரகணத்தன்று வெளியே போனாள், பப்பாளி தின்றாள், அந்தி நேரத்தில் தலைவிரிகோலமாக இசக்கியம்மன் கோயில் வழியாக நடந்தாள், அசைவு நின்றதைச் சொல்லாமல் இருந்தாள். இத்தனையும் அவள் காது கேட்கவே சொன்னார்கள். அவள் காலையிலேயே சொன்னாள் என்பதும், சோடா குடிக்கச் சொன்னது யார் என்பதும் யாருக்கும் நினைவில்லை.

டாக்டர் வாயிலிருந்து வருகிற ஒரு வாக்கியத்துக்கு நம்ம ஊரில் என்ன மதிப்பு என்று உங்களுக்குத் தெரியும். மாமியாரையும் வீட்டுக்காரனையும் பக்கத்தில் நிற்க வைத்துக்கொண்டு, “இது இவ பண்ணின எதாலயும் வந்ததில்ல” என்று நீங்கள் சொன்னால் அதற்குமேல் ஊர் வாயைத் திறக்க யோசிக்கும். காரணம் தெரியவில்லை என்றால் அதையும் அப்படியே சொல்லுங்கள். ஒன்றரை மாதம் கழித்து வரச்சொல்லி, சோதனைகளில் என்ன வந்தது, அடுத்ததற்கு என்ன கவனம் வேண்டும் என்று சொல்லுங்கள். அசைவு குறைந்தால் சோடா குடித்துக்கொண்டு காத்திருக்காமல் அந்த நிமிஷமே ஓடி வா என்று, ஐந்தாம் மாதச் செக்கப்பிலிருந்தே, கூட வருகிற கிழவிகளுக்கும் சேர்த்துச் சொல்லுங்கள். “அழாத, அடுத்த வருஷமே ஒண்ணு பொறந்துரும்” என்று மட்டும் யாரும் சொல்லாதீர்கள். அடுத்த வருஷம் பிறந்தால் அது அடுத்த பிள்ளை.

என் தம்பியைப் பற்றி அதிகம் எழுத முடியவில்லை, அவன் பேசுவதில்லை. காரியம் முடிந்த மறுநாளே லோடு ஏற்றப் போய்விட்டான். இப்போது ஆற்றுக்குக் குளிக்கப் போகிறவன் பக்கத்துப் படித்துறையை விட்டுவிட்டு, சுற்றிக்கொண்டு ஓடைக்கரை வழியாகப் போகிறான் என்று அவனுடைய கூட்டாளி சொன்னான். இடத்தை அவளுக்குக் காட்டு என்று நான் சொல்லியிருக்கிறேன். பார்க்கலாம்.

அக்டோபர் 15-ஐ இந்தப் பிள்ளைகளை நினைக்கிற நாள் என்று பல நாடுகளில் வைத்திருக்கிறார்கள். ராத்திரி ஏழு மணிக்கு விளக்கேற்றுகிறார்களாம். நம்ம ஊரில் விளக்கேற்ற நாளா பஞ்சம்? எனக்கு அதைவிட அவசரமாகத் தோன்றுவது அந்தப் பைதான்.

அதனால் எங்கள் கடையில் நானும், கூடத் தைக்கிற இரண்டு பெண்களும் சேர்ந்து, பிறந்த பிள்ளைக்குச் சுற்றுகிற துணி தைத்துக்கொண்டிருக்கிறோம். துவைத்துத் துவைத்து மெதுவான பழைய வேட்டித் துணி, சுடுதண்ணீரில் அலசி வெயிலில் காயவைத்தது. கூடவே முன்பக்கம் முடிச்சுப் போடுகிற ஜுப்பா, தோல் உரிந்திருந்தால் இழுத்து மாட்டவேண்டாம் என்பதற்காக. தலைக்கு ஒரு குல்லா. காலடி மை ஒற்றி எடுக்க ஒரு கெட்டி அட்டை. அதை அவள் கேட்காவிட்டால் கேஸ் ஷீட்டோடு வைத்திருங்கள், பிறகு கேட்பாள். நிறைமாதப் பிள்ளைக்கு அளவு எனக்குத் தெரியும். 28 வாரத்தில், ஒரு கிலோ அளவில் வருகிற பிள்ளைக்குத் தோள் எத்தனை அங்குலம், நீளம் எத்தனை என்று தெரியவில்லை. அனுபவப்பட்ட சிஸ்டர் யாராவது ஒருவர் டேப் வைத்து அளந்து சொன்னால் அந்த அளவிலும் தைத்துவிடுவோம். காசு எதுவும் வேண்டாம். ஒவ்வொரு வார்டிலும் யார் கையில் கொடுக்க வேண்டும், ஆபீசில் எழுதிக் கொடுக்க வேண்டுமா என்பதை மட்டும் சொல்லுங்கள். செவ்வாய்க்கிழமை கடைக்கு லீவு, அன்றைக்குக் கொண்டுவந்து தருகிறேன்.

இப்படிக்கு,
ஓர் அத்தை,
வீரவநல்லூர்